டார்ஜானின் கைநாட்டு

டார்ஜான் முதன்முதலில் பேசக் கற்றுக்கொண்ட மனித மொழி எது? ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு வரும் நண்பர்களிடம் அவ்வப்போது இந்தக் கேள்வியைப் போடுவேன். இங்கிலீஷ் என்பார்கள். மொழியே கிடையாது என்பார்கள். ஒருவர் கையை வாயருகே குவித்து அந்தப் பிரசித்தி பெற்ற கத்தலைக் கத்தியே காட்டினார். எழுபத்திரண்டு வயது, இரண்டு ஸ்டென்ட் வைத்த மனிதர். பக்கத்து அறையிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

விடை பிரெஞ்சு. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1912-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதி, 1914-ல் புத்தகமாக வந்த முதல் நாவலிலேயே இருக்கிறது. குழந்தை டார்ஜானின் பெற்றோர் இறந்த பிறகு காட்டுக் குடிசையில் அவர்களுடைய புத்தகங்கள் கிடக்கின்றன. படம் போட்ட பால பாடங்கள், ஒரு பெரிய அகராதி. பையன் அந்த எழுத்துக்களைப் பூச்சிகள் என்று நினைக்கிறான். எந்தப் படத்துக்குக் கீழே எந்தப் பூச்சிகள் வருகின்றன என்று வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, ஒரு ஆசிரியரும் இல்லாமல், ஒரு சொல்லைக்கூடக் காதால் கேட்காமல் ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்கிறான். பிறகு வாலிபனாகி, தார்னோ என்கிற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியைக் காப்பாற்றுகிறான். இருவரும் முதலில் எழுதிக் காட்டித்தான் பேசிக்கொள்கிறார்கள். தார்னோ தன் தாய்மொழியில் பேசக் கற்றுக்கொடுக்கிறார். ஆகவே எழுதுவது ஆங்கிலம், பேசுவது பிரெஞ்சு!

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மஞ்சக்குப்பத்துப் பையனான நான் புதுச்சேரியில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய அவருடைய தகரப் பெட்டியில் அந்தப் புத்தகத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இருந்தது. பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், விடுமுறைக்குக் கடலூர் வந்தால் தெருப் பையன்கள் பேசும் ஸ்கூல் இங்கிலீஷ் புரியாது. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று திண்டாடிய பையனுக்கு அந்தக் காட்டுப் பையன் சொந்தக்காரன் மாதிரி இருந்தான். ப்ரெவே பரீட்சை முடித்து, பிறகு சர்வீஸ் கமிஷன் எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்தபோது செக்‌ஷனில் எனக்கு ‘முஸ்யே’ என்று பெயர். அந்தப் பெயரிலேயே ரிடையரும் ஆனேன்.

பிறகு சினிமாவில் டார்ஜானைப் பார்த்தேன். திருப்பாதிரிப்புலியூர் கொட்டகையில், ஜானி வைஸ்முல்லர் நடித்த பழைய படம், எத்தனையாவது ரவுண்டோ. புத்தகத்தைக் காணோம், அகராதியைக் காணோம், பிரெஞ்சும் இல்லை. தன் நெஞ்சிலும் அந்தப் பெண்ணின் தோளிலும் மாறி மாறிக் குத்திப் பெயர் சொல்லத்தான் தெரிகிறது. என் அபிப்பிராயம் அன்று உருவானது, இன்று வரை மாறவில்லை. சினிமா டார்ஜானிடமிருந்து திருடியது அவன் படிப்பை. உடம்பை மட்டும் வைத்துக்கொண்டது.

1932-ல் வந்த படத்துக்காக மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனி பர்ரோஸிடம் வாங்கியது கதாபாத்திரத்தைத்தான். கதையை அவர்களே எழுதிக்கொண்டார்கள். பேசும் படம் வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. வைஸ்முல்லர் 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வாங்கியவர். நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர். வசனம் பேச வராது. வராதவரை ஏன் பேச வைக்க வேண்டும்? மொழியற்ற டார்ஜான் இப்படித்தான் பிறந்தான். 1948 வரை பன்னிரண்டு படங்கள். பர்ரோஸுக்கு இதில் மனக்குறை உண்டு. 1935-ல் அவரே பங்கெடுத்து குவாத்தமாலாவில் எடுக்க வைத்த படத்தில் ஹெர்மன் பிரிக்ஸ் என்ற இன்னொரு ஒலிம்பிக் வீரர், படித்த கனவான் போலப் பேசும் டார்ஜானாக வருகிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜனங்களுக்குக் கத்தல்தான் பிடித்தது.

வைஸ்முல்லரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தண்ணீரில் இறங்கிவிட்டால் கண்ணை எடுக்க முடியாது. படம் பார்த்துவிட்டு வந்து கெடிலத்தில் குதித்த பையன்களில் நானும் ஒருவன் (கோடையில் குதித்தால் முட்டி பெயரும்). அவர் கதையிலேயே ஒரு காகிதச் சங்கதி இருக்கிறது. அவர் பிறந்தது இன்றைய ருமேனியாவில். அமெரிக்க அணியில் சேர வேண்டுமானால் குடியுரிமை வேண்டும். அமெரிக்காவில் பிறந்த தம்பியின் பதிவைத் தன்னுடையது என்று காட்டித்தான் 1924-ல் பாரீஸுக்குப் போனார். எங்கள் அலுவலகமாக இருந்திருந்தால் ஐந்து தங்கமும் அப்ஜெக்‌ஷனில் நின்றிருக்கும்.

யானைகளையும் சொல்ல வேண்டும். கதை நடப்பது ஆப்பிரிக்காவில். ஆனால் ஹாலிவுட்டில் பழக்கிய யானைகள் பெரும்பாலும் நம் ஊர் ஜாதி. அதனால் அவற்றுக்குப் பெரிய பொய்க் காது செய்து மாட்டிவிட்டார்கள். அமெரிக்கக்காரன் ஏமாறலாம். கோயில் யானையின் பின்னால் ஓடி வளர்ந்த பையன் ஏமாறுவானா? ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் பள்ளம் விழும். நம் யானைக்கு முதுகு மேடு, நெற்றியில் இரண்டு புடைப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிதம்பரத்துப் பையன், ‘டேய், இது நம்ம ஊரு யானைடா, காதுல முறம் கட்டியிருக்கான்’ என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. காடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவன் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், நிஜமாக அங்கே நிற்பதற்கும் முறம் கட்டித்தான் ஆக வேண்டும். இதைப் பிற்பாடு என் உத்தியோகத்தில் நேராகவே பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

இந்த வியாபாரத்தில் நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1937-ல் ஹோமி வாடியா பம்பாயில் ‘தூஃபானி டார்ஜான்’ எடுத்தார். உடற்பயிற்சி வீரர் ஜான் காவஸ் கதாநாயகன். இதில் தகப்பன் ஒரு விஞ்ஞானி. சாகா மருந்தின் சூத்திரத்தைத் தாயத்தில் வைத்துப் பிள்ளை கழுத்தில் கட்டிவிட்டுச் சாகிறார். தாத்தா பேரனைத் தேடிக் காட்டுக்கு வருகிறார். புத்தகம் இருந்த இடத்தில் தாயத்து! அடுத்த வருடமே அதே ஜான் காவஸ் தமிழுக்கு வந்து ‘வனராஜ கார்ஸான்’ ஆனார், கே. ஆர். செல்லம் ஜோடி. டார்ஜானைக் கார்ஸான் ஆக்கிய மூளைக்கு ஒரு சபாஷ். 1941-ல் ‘வனமோகினி’யில் இலங்கை தவமணி தேவி பெண் டார்ஜான் மாதிரி வந்து தமிழ்நாட்டைக் கிறங்க அடித்தார் என்று என் அப்பா தலைமுறையில் பேசிக்கொள்வார்கள். அம்மா பக்கத்தில் இல்லாதபோது மட்டும். எம். கே. ராதாவும் சந்துரு என்ற யானையும் அதில் உண்டு. இவையெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தியவை. பிறகு 1958-ல் வாடியாவே ‘ஜிம்போ’ எடுத்தார். 1965-ல் தாரா சிங் டார்ஜானாக டில்லிக்கே வந்தார். 1985-ல் ஹேமந்த் பிர்ஜே நடித்த இந்திப் படத்தில் டார்ஜானைப் பிடித்து சர்க்கஸுக்கு விற்கப் பார்க்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கூட்டம் வந்த காரணம் வேறு. கிமி காட்கர் என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்குப் புரியும்.

ஹாலிவுட் டார்ஜானும் நம் நாட்டுக்கு வந்து போனான். 1962-ல் வந்த படத்தில் ஜாக் மஹோனி நடித்தார். கூட நம் ஃபெரோஸ் கான், சிமி கரேவால். அணை கட்டுவதால் மூழ்கப்போகும் பள்ளத்தாக்கிலிருந்து யானைக் கூட்டத்தைக் காப்பாற்றுவதுதான் கதை. இந்தப் படத்தில் யானைகளுக்குப் பொய்க் காது தேவைப்படவில்லை. டார்ஜானும் முழு வாக்கியம் பேசுகிறார். அப்போதைய தயாரிப்பாளர் சை வைன்ட்ராப் 1959-லிருந்தே அவனைப் பேச விட்டிருந்தார். எனக்குப் பிடித்த படங்களில் ஒன்று.

இந்தியப் படங்களில் டார்ஜான் எப்படியோ போகட்டும். கூட வரும் காட்டு ஜனங்களைப் பாருங்கள். தலையில் இறகு, இடுப்பில் இலை, கையில் ஈட்டி, வாயில் அர்த்தமில்லாத ஒரு சத்தம். டார்ஜான் படம் என்றில்லை, ஐம்பது வருடத் தமிழ்ப் படங்களில் ‘ஆதிவாசி’ என்றால் இதே வேஷம்தான். நாவலும் யோக்கியமில்லை. ஆப்பிரிக்காவை ஒருநாளும் பார்க்காத பர்ரோஸ் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியிருப்பது இன்று படிக்கக் கூசுகிறது. பிரபு மகன் என்பதால்தான் தானாகப் படிப்பு வந்தது என்ற எண்ணம் அதில் ஓடுகிறது. பத்திரிகையில் வந்தபோது ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு புலியைக்கூட விட்டிருந்தார். வாசகர்கள் பிடித்துக்கொண்ட பிறகு புத்தகத்தில் பெண் சிங்கமாக மாற்றினார்.

புலி எங்கள் ஊர்ச் சொத்து அல்லவா! சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர், கடலூர் திருப்பாதிரிப்புலியூர். இரண்டுக்கும் புலிக்கால் முனிவரின் சம்பந்தம். வண்டு தொடுவதற்கு முன் விடியாத தில்லைக் காட்டில் மரமேறிப் பூப்பறிக்க வேண்டும் என்று புலியின் காலும் கண்ணும் வரமாகக் கேட்டவர். பாதி மிருகம்தான், ஆனால் அவரைப் பேச்சில்லாதவராக யாரும் நினைத்ததில்லை. சேக்கிழார் சிதம்பரத்தில் அரங்கேற்றிய பெரிய புராணத்தில் வேடன் திண்ணன் வாய் மணக்கப் பேசுகிறான். அந்தக் கண்ணப்பனாக நடித்துத்தான் 1954-ல் கன்னடத்து ராஜ்குமார் கதாநாயகன் ஆனார். காட்டு மனிதன் பேசுவான் என்று ஒத்துக்கொள்ள நமக்கு அமெரிக்கா போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இப்போது உத்தியோக விஷயம். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த ஒரு தாலுகா அலுவலகம். எந்த ஊர் என்பது வேண்டாம். இருளர் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் பத்தாவது பாஸ். மேலே படிக்கப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும்; நாங்கள் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும். தகப்பனார் கதவோரம் நின்று, ‘சாமி, புள்ள படிக்கணுங்குது’ என்றார். மனுவில் கைநாட்டு. பையன் பேன்ட் சட்டை போட்டிருந்தான். கேட்ட கேள்விகளுக்கு நிமிர்ந்து நின்று நல்ல தமிழில் பதில் சொன்னான்.

அங்கேதான் வினை. அதிகாரி என் பக்கம் திரும்பி, ‘என்னய்யா முஸ்யே, இவன் பேசறதப் பாத்தியா? நம்ம பசங்களவிட சுத்தமா பேசறான். இவனைப் போய் ட்ரைபுன்னு எழுதச் சொல்றியா?’ என்றார். பிறகு பையனிடம், ‘பாம்பு பிடிக்கத் தெரியுமா?’

‘தெரியாது சார். எனக்குப் பாம்புன்னா பயம்.’

சிரிப்பு வந்தது எல்லோருக்கும், தகப்பனாரைத் தவிர. பாம்பு பிடிப்பது இருளர் தொழில் என்று அந்த அதிகாரிக்கும் தெரிந்திருந்தது. 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு தோலுக்காகப் பாம்பு பிடிப்பது குற்றமாகி அந்தத் தொழில் படுத்துவிட்டது மட்டும் தெரிந்திருக்கவில்லை. நன்றாகப் பேசுவது நிராகரிப்பதற்குக் காரணமாகாது, உறவினர்களை விசாரிக்கலாம் என்று நான் குறிப்பு எழுதினேன். கோப்பு ‘மறு விசாரணை’ என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி வந்தது. வேறு அதிகாரி மாறி வந்த பிறகுதான் மேலே போயிற்று. சான்றிதழ் கையில் கிடைத்தபோது மூன்றாவது வருடம். பையன் அதற்குள் செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கியிருந்தான். தகப்பனார் மட்டும் வந்து, கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி எனக்கு அந்தப் பழைய நாவலின் கடைசி அத்தியாயங்கள் நினைவுக்கு வந்தன. டார்ஜான் உண்மையில் யார் என்று தீர்மானமாவது எப்படித் தெரியுமோ? குடிசையில் தகப்பனார் எழுதிய நாட்குறிப்பு கிடைக்கிறது. அந்த ஆங்கிலப் பிரபு அதை எழுதியது பிரெஞ்சில். ஒரு பக்கத்தில் குழந்தை மையில் கையை வைத்துப் பதித்த விரல் அடையாளம். தார்னோ அவனைப் பாரீஸுக்கு அழைத்துப் போய், போலீஸ் நண்பர் மூலம் இப்போதைய விரல்ரேகையையும் அதையும் ஒப்பிட வைக்கிறார். ஒத்துப்போகிறது. ஒரு கைநாட்டு, ஒரு நோட்டுப் புத்தகம், தந்தி வந்துவிட்டது, நீதான் பிரபு! விரல்ரேகையை வகைப்படுத்தும் முறைக்குப் பாடுபட்டவர்கள் வங்காளத்து அஜீஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். 1897-லேயே கல்கத்தாவில் அதற்கென்று அலுவலகம் வந்துவிட்டது. அவ்வளவு அருமையான கைநாட்டு, நம் அலுவலகங்களில் படிக்காதவன் என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

நான் பார்த்த எந்த டார்ஜான் படத்திலும் இந்த விரல்ரேகைக் கட்டம் இல்லை. 1984-ல் வந்த ‘கிரேஸ்டோக்’ மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஜெனிவாவில் வளர்ந்து பிரெஞ்சு பேசும் கிறிஸ்டோபர் லாம்பெர்ட்தான் அதில் டார்ஜான். இயான் ஹோம் தார்னோவாக வந்து, சொல் சொல்லாகக் கற்றுக்கொடுக்கிறார். பேச்சு ஒரு மனிதனுக்குள் நுழைவதைத் திரையில் அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் காட்டவில்லை. தாத்தாவாக வரும் ரால்ஃப் ரிச்சர்ட்ஸனுக்காகவும் ஒருமுறை பார்க்கலாம். படம் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை.

1999 டிஸ்னி கார்ட்டூனைப் பேத்தியோடு பார்த்தேன். பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவில் நடக்கும் கதையில் ஒரு ஆப்பிரிக்கர்கூட இல்லை! தப்பாகக் காட்டிவிடுவோமோ என்ற பயத்தில் ஜனங்களையே துடைத்துவிட்டார்கள் போல. 2016-ல் அலெக்ஸாண்டர் ஸ்கார்ஸ்கார்ட் நடித்த படம் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோ கொடுமையைக் கதைக்குள் கொண்டு வருகிறது. அதை நேரில் பார்த்து உலகத்துக்குச் சொன்ன ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற நிஜ மனிதராக சாமுவேல் ஜாக்ஸன் வருகிறார். நல்ல முயற்சி. ஆனாலும் காங்கோவைக் காப்பாற்றக் கொடியில் ஆடி வருகிறவர் அதே வெள்ளைக்காரப் பிரபுதான். புதிதாக யாராவது டார்ஜான் எடுத்தால் நான் இனிப் போகப்போவதில்லை, அந்த அகராதியைத் திருப்பிக் கொடுத்தால் ஒழிய.

அதைவிட நல்லது எங்கள் ஜில்லாக் கதையிலேயே வந்துவிட்டது. 2021-ல் த. செ. ஞானவேல் எடுத்த ‘ஜெய் பீம்’. 1993-ல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ராஜாக்கண்ணு காவல் மரண வழக்கு அதற்கு ஆதாரம். அவர் குறவர் சமூகம். படத்தில் இருளராக மாற்றினார்கள். அதைப் பற்றிச் சண்டை நடந்தது, நடக்க வேண்டியதுதான். படத்தில் ஒரு டீச்சர் இருளர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார், வாக்காளர் அட்டைக்காக அலைகிறார். அந்த அலைச்சல் காட்சியில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனாக நான் நெளிந்துகொண்டே பார்த்தேன். மரமேறுதல் இல்லை, கத்தல் இல்லை. கடைசியில் அந்தச் சின்னப் பெண் வக்கீலுக்கு எதிரே நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, பேப்பரை விரித்து வைத்துக்கொள்கிறாள். என் மனைவி, ‘படம் முடிஞ்சிடுச்சு, டிவியை அணைங்க’ என்றாள். நான் அந்தக் கட்டத்தை மட்டும் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.